அலகு எத்தனை அங்குலம்?

இலண்டன் மச்சான் வந்தது 2019 ஆனியில், நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு. ஈஸ்டர் குண்டுகள் வெடித்து இரண்டு மாதம்தான். உல்லாசப் பயணிகள் ஒருத்தரும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத நேரம். அம்மனுக்கு நேர்த்தி வைத்தவன் மட்டும் வந்தான்.

நெடுந்தீவில் பெரிய மாமா வீட்டு விறாந்தையில் பெட்டியைப் பரப்பினான். சொக்கிளேற் உருகிக் களியாகியிருந்தது. ஒரு கம்பளிச் சுவெற்றர், எங்கள் கச்சான் காற்றுக்கும் வெயிலுக்கும் மிகவும் பொருத்தம். கடைசியாக, காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்த ஒன்றை, தாலிக்கொடி எடுப்பதுபோல எடுத்தான். கறுப்புப் பிடி, அதில் ஒரு பொத்தான். அமுக்கினான். சடக்கென்று அலகு பாய்ந்து நின்றது. திண்ணையில் படுத்திருந்த நாய் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டது.

"வில்லுக்கத்தி, பெரியப்பா. வாற வழியில ஒரு சந்தையில வாங்கினனான். இலண்டனில விக்கவும் ஏலாது, கொண்டு வரவும் ஏலாது. இனி வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறதும் குற்றமாம், போன மாசம் சட்டம் பாஸ் பண்ணிப்போட்டாங்கள். அதுதான் உங்களுக்கு."

அதுதான் உங்களுக்கு. இந்த இரண்டு சொல்லில் புலம்பெயர்ந்த சமூகத்துக்கும் எங்களுக்கும் உள்ள உறவு முழுக்க இருக்கிறது. தாங்கள் இருக்கும் நாட்டில் வைத்திருக்கக் கூடாததையெல்லாம் அவர்கள் எங்களுக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே உரத்துப் பேசினால் வழக்குப் பாயும் வீர வசனங்களை விமானத்தில் ஏற்றிவந்து இங்கே குறிகட்டுவானில் இறக்கிவிட்டு, மூன்று கிழமையில் திரும்பிப் போவார்கள். வசனம் எங்களோடு நிற்கும். பிறகு அதைப் பற்றி விசாரிக்க வருகிறவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதும் நாங்கள்தான்.

சரி, கத்திக்கு வருவோம்.

மாமா கடலுக்குப் போகிறவர். பரிசை வாங்கியவுடன் நன்றி சொல்லவில்லை, பரிசோதித்தார். கடற்காரனுக்கு வில்லுக்கத்தி வேண்டாத பொருள் என்று நான் சொல்லவில்லை. வலை இறங்கிக்கொண்டிருக்கும்போது கயிறு கணுக்காலில் கொழுவிவிட்டால், ஒரு கை வள்ளத்தின் விளிம்பைப் பிடித்திருக்கும், மற்றக் கை மட்டுந்தான் கத்திக்கு மிச்சம். சாதாரண மடக்குக் கத்தியை விரிக்க இரண்டு கை வேண்டும். பொத்தான் கத்திக்குப் பெருவிரல் போதும். அந்த அரைச் செக்கனில் ஒரு கால், சிலவேளை ஒரு ஆள், மிஞ்சலாம். அதுவரை கத்தி வெற்றி.

மூன்றாம் நாள் மாமா அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உப்புத் தண்ணியும் குருமணலும் பிடிக்குள் போய்விட்டன. உள்ளே சுருளாக ஒரு வில்லு, அலகின் அடியில் ஒரு பள்ளம், பொத்தானோடு ஒட்டிய ஒரு சின்ன முளை. முளை பள்ளத்தை விட்டு விலகினால் வில்லு அலகைத் தள்ளும். அவ்வளவுதான் அந்தத் தொழில்நுட்பம். பள்ளத்துக்குள் ஒரு மணல் இருந்தால் அலகு பாதி வழியில் நின்று யோசிக்கும். மாமா தேங்காய் எண்ணெய் விட்டு, கோழி இறகால் துப்புரவாக்கி, மறுபடி சடக்கென்று பாயச் செய்தார். பிறகு தன் பழைய கத்தியை எடுத்துக் காட்டினார். இரும்பு அறுக்கும் வாளின் அலகை முறித்துக் கல்லில் தேய்த்துக் கூராக்கி, பிடிக்குச் சைக்கிள் ரியூப் சுற்றியது. வள்ளத்தின் குறுக்குப் பலகையில் குத்தி வைத்திருப்பார். துரு பிடித்தால் எறிந்துவிட்டு இன்னொன்று.

"இது திறந்தே கிடக்குது. திறக்கிறதுக்கு வில்லு என்னத்துக்கு?" என்றார்.

மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் கத்தியை விட்டுக்கொடுக்க மனமில்லை; அன்று இரவு முழுக்கச் சட்டம் படிப்பித்தான். நானும் என் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தேன். மாமா சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்.

அமெரிக்காவில் 1950இல் ஒரு பெண்கள் சஞ்சிகை, கொல்லும் விளையாட்டுச் சாமான் என்று தலைப்புப் போட்டு இந்தக் கத்தியைப் பற்றி எழுதியது. பிறகு படம் வந்தது; 1955இல் ஜேம்ஸ் டீன் நடித்த படத்தில் பொடியன்கள் வில்லுக்கத்தியோடு சண்டை பிடித்தார்கள். நாடு நடுங்கியது. 1958இல் மாநிலத்துக்கு மாநிலம் வில்லுக்கத்தி வியாபாரம் செய்யக்கூடாதென்று கூட்டாட்சிச் சட்டம் போட்டார்கள். வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருக்கிற தேசம், பொத்தானைக் கண்டு பயந்த கதை இது. அந்தச் சட்டத்திலும் ஒரு விலக்கு உண்டு: ஒரு கை மட்டும் உள்ளவர், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகோடு, வில்லுக்கத்தியைத் தன்னோடு கொண்டுபோகலாம்.

மாமா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப ஒரு கையை வெட்டிப்போட்டு வந்தாத்தான் கத்தி தருவாங்களோ? எதால வெட்டுறது?"

பிரித்தானியா அடுத்த வருடமே, 1959இல், விற்பனையைத் தடைசெய்தது. 1961இல் இறக்குமதியையும். வீட்டு லாச்சிக்குள் கிடப்பதையும் குற்றமாக்கிய பகுதி நடைமுறைக்கு வந்தது மச்சான் திரும்பிப் போன பிறகு, 2021இல். அறுபது வருடமாகத் தடை இறுகிக்கொண்டே போனது. இலண்டன் தெருவில் பிள்ளைகள் குசினிக் கத்தியால் குத்துப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். குசினிக் கத்திக்கு வில்லு இல்லையே, சட்டத்துக்கு அது எப்படிக் கண்ணில் படும்? கனடாவிலும் பொத்தான் அமுக்கித் திறக்கும் கத்தி தடைசெய்யப்பட்ட ஆயுதம். சுவிற்சர்லாந்து தன் சிவப்புப் பிடிக் கத்தியை உலகமெல்லாம் விற்கும். அலகு தானாகப் பாயும் கத்தி அளவு மீறினால் தடை. ஆக எங்கள் சனம் போய்க் குடியேறிய நாடுகள் பலவும் இந்த வில்லுக்கு எதிரி.

இந்தியாக்காரன் வேறு மாதிரி. உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் செய்த கத்திதான் பழைய ஹிந்திப் படங்களில் வில்லன் கையில் சடக்கென்று திறக்கும். நாலரை அங்குலத்துக்கு மேல் கூடாதென்று அரசு கட்டுப்பாடு போட, பட்டறைகள் ஒவ்வொன்றாய்ப் படுத்துவிட்டன. தொழிலைக் கொன்ற பிறகு, 2023இல், அதே ஊர்ச் சந்தியில் ஏறக்குறைய இருபது அடி உயரத்தில் அந்தக் கத்திக்கே சிலை வைத்தார்கள். பிடித்துத் திரிந்தால் வழக்கு, அண்ணாந்து பார்த்தால் பெருமை.

எங்கள் நாட்டுக்கு வருவோம். வெள்ளைக்காரன் எழுதிவிட்டுப் போன கத்திகள் கட்டளைச் சட்டம் ஒன்று எங்களுக்கும் உண்டு. கூர்நுனிக் கத்தியை வீட்டுக்கு வெளியே காவித் திரிவதைக் கட்டுப்படுத்துவது. அதை ஒருவரும் தூக்கிப் பார்ப்பதில்லை. ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு ஒரு நாள் திடீரென்று நாடு முழுவதும் கத்தி நினைவு வந்தது. வாள், குத்துவாள், கூரிய ஆயுதம் வைத்திருப்பவர்கள் மே 4, 5 ஆகிய இரண்டு நாளில் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டுமென்று பொலிஸ் அறிவித்தது. அன்றாடப் பாவனைக் கத்திகளுக்கு விலக்கு.

இந்த விலக்கில்தான் நகைச்சுவை தொடங்குகிறது. அன்றாடம் என்றால் யாருடைய அன்றாடம்? தீவுப் பகுதியில் கத்தி இல்லாத மனிதன் யார்? சீவல் தொழிலாளி இடுப்பில் பாளைக்கத்தி. காலையும் மாலையும் பனையில் ஏறுகிறவன். ஓலை வார்ந்து பெட்டி இழைக்கிற ஆச்சியிடம் சத்தகம். வேலி அடைக்கிறவனிடம் கொடுவாக்கத்தி. குசினியில் அரிவாள். இத்தனையையும் பொலிஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் குவித்தால் தீவில் ஒரு நாள் கறி வெட்ட ஏலாது, கள் இறங்காது. கள் இறங்காவிட்டால் பாதுகாப்பு நிலைமை என்ன ஆகும் என்று எந்தப் புலனாய்வாளரும் கணித்திருக்க மாட்டார்.

அந்த அறிவித்தலின் சூடு ஆறுமுன்தான் மாமா மாட்டினார்.

எந்த இறங்குதுறை என்று சொல்ல மாட்டேன். பையைத் திறந்து பார்க்கிற காலம். மாமா வலைச் சாமான்களோடு போகிறார், நான் பின்னால். காவலுக்கு நின்றவன் மீசை முளைக்காத பொடியன். மொனராகலைப் பக்கம் ஏதோ வயற்காரன் பெற்ற பிள்ளையாக இருக்கும், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. பையிலிருந்து இரண்டு கத்தியும் வெளியே வந்தன. ரியூப் சுற்றிய பழைய கத்தியை, நீளத்தில் இரண்டு மடங்கு, ஒரு பக்கம் தள்ளி வைத்தான். பொத்தானை அமுக்கினான். சடக். மூடினான். மறுபடி சடக். முகத்தில் திருவிழாக் கடைக்கு வந்த பிள்ளையின் சந்தோசம்.

"இது என்னத்துக்கு ஐயா?"

"மீனுக்கு."

"மீனுக்கு பட்டன் என்னத்துக்கு?"

மாமா பதில் சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் வந்தார். அலகு எத்தனை அங்குலம் என்று கேட்டார். அடிமட்டம் தேடினார்கள், கிடைக்கவில்லை. தீப்பெட்டியை வைத்து அளந்தார்கள். ஒரு கொப்பியில் மாமாவின் பெயர், ஊர், எங்கே போகிறார் என்று எழுதினார்கள். கத்தி லாச்சிக்குள் போனது. துண்டு தரவில்லை. வாள் அலகில் செய்த பழைய கத்தியைத் திருப்பித் தந்தார்கள். அது அன்றாடப் பாவனை.

சட்டம் வேலை செய்தது. தீவகம் ஒரு வில்லால் பாதுகாப்பானது.

அதே காலத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் முகத்தைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வாளோடு ஒரு கூட்டம் போய்க்கொண்டிருந்தது. ஆவா என்று ஒரு பெயர், வேறு பெயர்களும் உண்டு. வீடு புகுந்து வெட்டினார்கள். 2017இல் கொக்குவிலில் பொலிஸ்காரரையே வெட்டினார்கள். அந்த வாளுக்கு நீளம் முழக்கணக்கு. ஆளுக்கு ஆள் பட்டாளம் நின்ற குடாநாட்டில், சந்திக்குச் சந்தி நின்றவர்களுக்கு மாமாவின் பெருவிரலளவு பொத்தான் தெரிந்தது, சாரத்துக்குள் மறையாத வாள் தெரியவில்லை. 2016இல் அமைச்சர் ராஜித சேனாரத்ன, இந்தக் குழுவை உண்டாக்கியதே இராணுவம்தான் என்று பகிரங்கமாகச் சொன்னார். சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, அரசாங்கத்தின் பேச்சாளர். சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

தீவகத்துக்கும் தன் கணக்கு உண்டு. 2001 நவம்பர் 28, தேர்தலுக்கு ஒரு கிழமை முன், நாரந்தனை. பிரசாரத்துக்குப் போன தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினரைத் துப்பாக்கியும் வாளும் பொல்லுமாக மறித்தார்கள். இரண்டு பேர் செத்தார்கள். பதினைந்து வருடம் கழித்து யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தபோது, முக்கியமான குற்றவாளிகள் கூண்டில் இல்லை, நாட்டுக்கு வெளியே. கத்தி கடல் கடக்கக் கொப்பியில் பதிவு வேண்டும். கத்தி பிடித்த கைக்கு வேண்டாம்.

இவ்வளவையும் காவல் காக்க எங்களுக்குக் கடற்படை இருக்கிறது. முகாம்களின் பெயரை வாசித்துப் பாருங்கள். ஒன்று வேலுசுமன. புங்குடுதீவில் கோட்டையிம்பர. இரண்டும் துட்டகைமுனுவின் பத்து மாவீரர்களில் இருவரின் பெயர். அந்தப் படை வெட்டிச் சாய்த்த எல்லாளனின் பெயரைக் காரைநகர் முகாமுக்கு வைத்திருக்கிறார்கள், எலார. தோற்றவனையும் தங்கள் சீருடைக்குள் எடுத்துக்கொண்ட பெருந்தன்மை. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய வாளை உறையிலிருந்து எடுத்துப் பெயர்ப்பலகையில் தொங்கவிட்டு, அதன் கீழே நின்றுகொண்டு, கிழவா, உன் கத்தி எத்தனை அங்குலம் என்று கேட்கிறார்கள்.

இனிச் சிரிப்பு வராது எனக்கு.

1985 மே 15. நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து காலையில் குமுதினி என்ற பயணிகள் படகு புறப்பட்டது. அரச படகு. அரச உத்தியோகத்தர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உறவு பார்க்கப் போகிற தாய். முதல் நாள் அநுராதபுரத்தில் புலிகள் 146 சிங்களப் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்தக் கொலையும் கொலைதான். அதற்கான வஞ்சத்தைத் தீர்க்கக் கிடைத்தது இந்தப் படகு. நடுக்கடலில் வந்தவர்கள் மறித்து ஏறினார்கள். கடற்படை என்றே உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். சனத்தைக் கீழே அனுப்பினார்கள். ஒவ்வொருவராக மேலே கூப்பிட்டார்கள். பெயர் என்ன, ஊர் என்ன, எங்கே போகிறாய் என்று உரக்கச் சொல்லச் சொன்னார்கள். அடுத்தவரின் ஓலம் கீழே நிற்பவருக்குக் கேட்கக் கூடாதே, அதற்காக. சொல்லிக்கொண்டிருக்கும்போதே கத்தியாலும் கோடாலியாலும் வெட்டினார்கள். குறைந்தது 23 பேர் என்றது சர்வதேச மன்னிப்புச் சபை. எங்கள் ஊர் எண்ணிக்கை அதைவிடக் கூட, கைக்குழந்தையும் அதில்.

அந்தக் கத்திகளின் அலகு எத்தனை அங்குலம்? யார் அளந்தது? தீப்பெட்டி வைத்தாவது? பொத்தான் இருந்ததா, வில்லு இருந்ததா, மடக்குவதா, நேர்க்கத்தியா? எந்தக் கொப்பியில் எந்தப் பெயர் எழுதப்பட்டது? அந்தக் கோடாலி அன்றாடப் பாவனையா? எந்த லாச்சிக்குள் இன்று கிடக்கிறது? விசாரணை என்றார்கள். 40 வருடம் தாண்டிவிட்டது. ஒரு ஆளும் தண்டிக்கப்படவில்லை. வெட்டியவர்களில் எவனாவது ஓய்வூதியம் எடுத்திருப்பான், பேரப்பிள்ளைக்கு மாம்பழம் வெட்டிக் கொடுத்திருப்பான். குமுதினி என்ற பெயரோடு அதற்குப் பிறகும் படகு ஓடியது. எங்கள் சனம் அதிலேயே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனது, சந்தைக்குப் போனது, பரீட்சைக்குப் போனது. வேறு படகு இருக்கவில்லை.

பொத்தான் கத்தி வைத்திருப்பது சட்டத்துக்கு உட்பட்டதா, அதனால் பயன் உண்டா என்று மச்சான் இன்றைக்கும் தொலைபேசியில் கேட்பான். பயன் உண்டு, தம்பி. கால் வலையில் கொழுவினால் பயன். சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, குமுதினியில் ஏறியவர்கள் எல்லாரும் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். ஒருவரிடமும் ஆயுதம் இருக்கவில்லை. பெயரும் ஊரும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

பிறகு வந்த ஒரு வருடம், மே 15, மாவிலித்துறை நினைவுத்தூபியடி. காலை வெயில். ஐம்பது அறுபது பேர், பாதிக்கு மேல் நரை. அர்ச்சனைத் தட்டு, கற்பூரம், வாழையிலையில் சுற்றிய பூமாலை. மாலையை நைலோன் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள், அவிழவில்லை. ஒருவர் பல்லால் கடித்துப் பார்த்தார். கத்தி இருக்கோ என்று கேட்டார்கள். அந்த நாளில், அந்த இடத்துக்கு, யார் கத்தி கொண்டுவருவான்? மாமாவிடமும் இல்லை, வள்ளத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

மதில் ஓரம் கட்டம் போட்ட சேட்டோடு ஒருவர் நின்று போனில் எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். வருடாவருடம் யாராவது ஒருவர் அப்படி நிற்பார். ஆள் மாறும், நிற்பு மாறாது. கொச்சைத் தமிழில், பொறுங்கோ, என்றார். காற்சட்டைப் பைக்குள் கையை விட்டார். சடக்.

யாரும் பேசவில்லை. மாமா போய் வாங்கினார். கறுப்புப் பிடியை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். நூலை அறுத்தார், அலகைச் சாரத்தில் துடைத்தார், மூடினார், இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். பிறகு மாலையைப் போட்டோம்.

வீட்டுக்கு நடக்கும்போது, குதிரைகள் மேயும் வெளி தாண்டும் வரைக்கும் மாமா வாய் திறக்கவில்லை. கல்வேலி திருப்பத்தில் சொன்னார்:

"நல்லா எண்ணெய் போட்டு வைச்சிருக்கிறான்."